பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடலாமா? போட்டா என்ன கிடைக்கும், என்ன போகும்

எங்க அக்கா ஸ்கூல் டீச்சர். அவங்ககிட்ட 2017-ல வாங்குன லேப்டாப் ஒண்ணு இருக்கு, ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலைல ஆன் பண்ணிட்டு போய் பால் காய்ச்சி காபி கலந்து குடிச்சுட்டு வந்தாலும் ஸ்கிரீன்ல அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். மார்க் ஷீட் எக்ஸெல் ஃபைல ஒரு க்ளிக் பண்ணா அரை நிமிஷம், பிரவுசர் திறக்க ஒரு நிமிஷம். "இது தேறாதுடா, புதுசு வாங்கிடவா?"ன்னு கேட்டாங்க. எந்த பாகம் எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர திறந்து பார்த்தேன், சிபியு 15 சதவீதம், ராம் கொஞ்சம் டைட்டா இருக்கு, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல நிக்குது. "அக்கா, லேப்டாப் நல்லாத்தான் இருக்கு, டிஸ்க்தான் கூட ஓட முடியாம திணறுது"ன்னு சொன்னேன். அந்த டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டேன், அதாவது சுத்துற தட்டு இல்லாம சிப்புலயே எழுதி வைக்கிற டிஸ்க். இன்னிக்கு அந்த லேப்டாப் இருபது சொச்சம் செகண்டுல ரெடி ஆகுது. அத பார்த்துட்டு சொந்தக்காரங்க நாலஞ்சு பேரு "எங்களுதுக்கும் போடலாமா"ன்னு கேட்டதால எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்துல எழுதுறேன். நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன், ஏன்னா எஸ்எஸ்டி போட்டா பறக்கும்னு எல்லாரும் சொல்லிடுறாங்க, அது எந்த மாதிரி சாகும்னு யாரும் சொல்றதில்ல.

முதல்ல அந்த 100 சதவீதம். நிறைய பேர் இத பார்த்துட்டு டிஸ்க்ல இடம் நிறைஞ்சு போச்சுன்னு நினைச்சு போட்டோவெல்லாம் அழிக்க ஆரம்பிச்சுடுறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அதுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது. டிஸ்க் ஒரு நொடி கூட சும்மா இல்லாம வேலை செஞ்சுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். ஆனா அதே வரிய க்ளிக் பண்ணி உள்ள போய் பார்த்தீங்கன்னா படிக்கிற வேகம் செகண்டுக்கு 1 எம்பி, 2 எம்பின்னுதான் இருக்கும். முழு நேரமும் வேலை செய்யுது, ஆனா 1 எம்பிதான் கொண்டு வருதுன்னா அது மீதி நேரம் என்ன பண்ணுது?

தேடுது. ஹார்ட் டிஸ்க்குக்குள்ள வட்டமான தட்டு சுத்துது, அதுக்கு மேல ஒரு கை, கையோட நுனில படிக்கிற தலை. 1956-ல ஐபிஎம் விட்ட முதல் டிஸ்க் மெஷின்ல 24 இஞ்ச் அகலத்துல 50 தட்டு இருந்துச்சாம், மொத்தமா பிடிச்சது சுமார் 50 லட்சம் எழுத்து, இன்னிக்கு போன்ல எடுக்குற ஒரே ஒரு போட்டோ அளவு. அளவு எங்கேயோ போயிடுச்சு ஆனா முறை இன்னும் அதேதான், தட்டு சுத்தணும், கை நகரணும். சாதாரண லேப்டாப் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுத்து. அப்படின்னா ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட், நமக்கு வேணும்ங்கிற இடம் தலைக்கு அடியில வர்றதுக்கு சராசரியா அரை சுத்து காத்திருக்கணும், அது அஞ்சரை. கை சரியான வளையத்துக்கு நகர இன்னொரு 12 போல. ரெண்டும் சேர்த்தா 17, 18 மில்லி செகண்ட். ஒரு செகண்டுக்கு 60 இடத்த கூட தொட முடியாது, அவ்ளோதான் அதோட சக்தி.

பழைய மளிகைக் கடைய நினைச்சுக்கோங்க, சீட்டு குடுத்தா கடைப்பையன் குடோனுக்குள்ள போய் எடுத்துட்டு வருவான்ல. ஒரு மூட்டை அரிசின்னா ஒரே நடை, தோள்ல தூக்கிட்டு வந்துடுவான். கடுகு அம்பது கிராம், வெந்தயம் அம்பது கிராம், பெருங்காயம் ஒரு டப்பா, தீப்பெட்டி ஒண்ணுன்னு நாப்பது ஐட்டம் கேட்டா நாப்பது நடை. எடை கம்மி, நடை ஜாஸ்தி. விண்டோஸ் ஆன் ஆகுறது, பிரவுசர் திறக்குறது, ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்றது எல்லாமே இந்த கடுகு வெந்தய வேலைதான், அங்கங்க சிதறி கிடக்குற குட்டி குட்டி ஃபைல்களை ஆயிரக்கணக்குல படிக்கணும். கணக்குக்கு பத்தாயிரம் தடவைன்னு வெச்சா, செகண்டுக்கு 60-ன்னு ஹார்ட் டிஸ்க்குக்கு கிட்டத்தட்ட மூணு நிமிஷம் ஆகும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டுற அதே இணைப்புல மாட்டுறது) ஒண்ணொண்ணா கேட்டாலே செகண்டுக்கு எட்டாயிரம் பத்தாயிரம் தடவை எடுத்துக் குடுக்கும். அதுக்கு இந்த வேலை ஒரு செகண்ட் சமாச்சாரம்.

இத ஏன் இவ்ளோ இழுத்து சொல்றேன்னா, டப்பா மேல போட்டிருக்கிற நம்பர் வேற. அங்க செகண்டுக்கு 550 எம்பின்னு போட்டிருப்பாங்க. அது அரிசி மூட்டை வேகம், பெரிய ஃபைல் ஒண்ண ஒரே மூச்சுல படிக்கிற வேகம். அதுல லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கே 100 எம்பி வரும், அப்போ எஸ்எஸ்டி அஞ்சு மடங்குதான். நம்ம கைக்கு தெரியுற வித்தியாசம் அஞ்சு மடங்கு மாதிரியா இருக்கு? நூறு மடங்குக்கு மேல போறது அந்த கடுகு வேகம்தான், அதத்தான் நாம "லேப்டாப் புதுசு மாதிரி ஆயிடுச்சு"ன்னு சொல்றோம்.

இதே காரணத்துனாலதான் 7000 எம்பி வேகம்னு விளம்பரம் பண்ற விலை கூடுன எஸ்எஸ்டிக்கு நான் யாரையும் தள்ளுறதில்ல. சாட்டாவுக்கு பதிலா வேற வேகமான இணைப்புல ஓடுற, என்விஎம்இன்னு சொல்ற வகை பெரிய ஃபைல் காப்பி பண்றதுல சாட்டாவ விட பத்து மடங்குக்கு மேல போகும், உண்மைதான். ஆனா ஒண்ணொண்ணா குட்டி ஃபைல் எடுக்குறதுல ரெண்டு மடங்கு வந்தாலே பெருசு. ஹார்ட் டிஸ்க்ல இருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறுன அன்னிக்கு எங்க அக்கா வாய் பிளந்து நின்னாங்க, சாட்டால இருந்து என்விஎம்இக்கு மாத்துனா ஆபீஸ் வேலை பண்றவங்க பாதி பேருக்கு மாத்துனதே தெரியாது. வீடியோ எடிட் பண்றவங்க, தினம் நூறு ஜிபி இங்கயும் அங்கயும் மாத்துறவங்களுக்கு வேற கதை.

சரி, எஸ்எஸ்டிக்குள்ள என்ன இருக்கு. பென் டிரைவ், மெமரி கார்டுல இருக்கிற அதே ஃப்ளாஷ் மெமரிதான், கூட ஒரு நல்ல கன்ட்ரோலர் சிப். சுத்துறது நகர்றது எதுவுமே இல்ல. இந்த ஃப்ளாஷ் மெமரிய கண்டுபிடிச்சது 1980-கள்ல ஜப்பான்ல தோஷிபா கம்பெனில இருந்த ஃபுஜியோ மசுவோகா, இப்ப எஸ்எஸ்டில இருக்கிற நான்ட் வகைய 1987-ல வெளியிட்டாங்க. ஃப்ளாஷ்ங்கிற பேரு எப்படி வந்துச்சுன்னா, மொத்தமா ஒரே நொடில அழிக்கிறது கேமரா ஃப்ளாஷ் அடிக்கிற மாதிரி இருக்குன்னு கூட வேலை பார்த்த ஒருத்தர் சொன்னாராம். அந்த "மொத்தமா அழிக்கிறது"லதான் எஸ்எஸ்டியோட எல்லா பிரச்சனையும் ஆரம்பிக்குது.

சின்ன வயசுல சிலேட்டுல எழுதியிருப்பீங்க. இந்த சிலேட்டுல ஒரு விதி, ஒரு வார்த்தைய மட்டும் அழிச்சு மாத்தி எழுத முடியாது, அழிச்சா முழு சிலேட்டையும் அழிக்கணும். அப்போ ஒரு வார்த்தைய மாத்தணும்னா? புது வார்த்தைய வேற ஒரு காலி சிலேட்டுல எழுதிட்டு, பழசு செல்லாதுன்னு குறிச்சு வெச்சுக்கணும், செல்லாதது நிறைய சேர்ந்ததும் நல்லதை மட்டும் வேற சிலேட்டுக்கு காப்பி பண்ணிட்டு இத துடைக்கணும். எஸ்எஸ்டி உள்ள நாள் முழுக்க நடக்குறது இதுதான், நமக்கு தெரியாம கன்ட்ரோலர் பார்த்துக்கும். இன்னொரு விஷயம், துடைக்க துடைக்க சிலேட்டு தேயும். ஒவ்வொரு சிலேட்டுக்கும் இத்தனை தடவைதான்னு ஆயுள் இருக்கு, அதனால ஒரே சிலேட்ட தேய்க்காம எல்லாத்தையும் சமமா தேய்க்கிற மாதிரி கன்ட்ரோலர் சுத்தி சுத்தி எழுதும். இதனாலதான் எஸ்எஸ்டிய முழுசா நிரப்பாதீங்கன்னு சொல்றது, காலி சிலேட்டு இல்லைன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல்ல துடைச்சுட்டு அப்புறம் எழுதணும், வேகம் படுத்துடும். ஒரு 15 சதவீதம் எப்பவும் காலியா விடுங்க.

தேயும்னு சொன்ன உடனே "அப்போ சீக்கிரம் போயிடுமா"ன்னு கேப்பாங்க. கணக்கு பார்த்துடலாம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி மாடலுக்கு கம்பெனி குடுக்குற எழுதும் அளவு 300 டிபி, அல்லது அஞ்சு வருஷம், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் வாரன்ட்டி. வீட்டு உபயோகத்துல ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுறதே ஜாஸ்தி, அப்படியே வெச்சாலும் 300 டிபிய தொட 15,000 நாள், 41 வருஷம். நம்ம பேரப்பிள்ளைங்க காலம். இத நினைச்சு பயப்பட வேண்டாம். ஆனா என் மச்சான் போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கான், முகூர்த்த சீசன்ல ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மூணு கேமரா, வீடியோவோட சேர்த்து 300 ஜிபி சாதாரணமா வரும். தினம் 300 ஜிபி எழுதுனா அதே எஸ்எஸ்டிக்கு 1000 நாள்தான் கணக்கு, மூணு வருஷம் கூட இல்ல. சீசன் வேலைங்கிறதால தினமும் அவ்ளோ வராது, இருந்தாலும் அவனுக்கும் அக்காவுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாதுன்னு புரிஞ்சுக்கலாம்.

மச்சான் விஷயத்துல இன்னொன்னும் நடந்துச்சு. விலை கம்மியா பெரிய சைஸ்ல கிடைக்குதேன்னு ஒரு கியூஎல்சி எஸ்எஸ்டி வாங்கிட்டான். முதல் நாப்பது ஜிபி காப்பி ஆகுற வரைக்கும் ஜம்முனு போச்சு, அப்புறம் வேகம் படார்னு விழுந்து பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கு கீழ வந்துடுச்சு, டூப்ளிகேட் போலன்னு எனக்கு போன் பண்றான். டூப்ளிகேட் இல்ல, அந்த வகையே அப்படித்தான். ஒரு டம்ளர்ல தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்குறது ஈஸி, ஒரு பார்வைல தெரியும், எஸ்எல்சின்னா அதுதான், ஒரு செல்லுக்கு ஒரு பிட். அதே டம்ளர்ல எட்டு கோடு போட்டு எந்த கோடு வரைக்கும் தண்ணின்னு பாக்குறது டிஎல்சி, மூணு பிட். பதினாறு கோடு போட்டா கியூஎல்சி, நாலு பிட். கோடு கூட கூட ஒரே டம்ளர்ல நிறைய விஷயம் அடங்கும், விலை குறையும், ஆனா அந்த கோட்டுக்கு சரியா ஊத்துறதுக்கு நேரம் ஆகும், டம்ளரும் சீக்கிரம் தேயும்.

இத மறைக்க கம்பெனிங்க ஒரு வேலை பண்றாங்க. வீட்டுக்கு சாமான் வந்து இறங்குனா நாம என்ன பண்ணுவோம், முதல்ல எல்லாத்தையும் திண்ணைல அடுக்கி வண்டிய அனுப்பிட்டு, அப்புறமா நிதானமா பரண்ல ஏத்துவோம். எஸ்எஸ்டிலயும் கொஞ்சம் இடத்த எஸ்எல்சி மாதிரி வேகமா எழுதுற திண்ணையா வெச்சிருப்பாங்க. நாம சாதாரணமா எழுதுற ஒண்ணு ரெண்டு ஜிபி திண்ணையிலேயே முடிஞ்சுடும், அதனால எப்பவும் வேகமாவே தெரியும். 300 ஜிபிய ஒரே மூச்சுல தள்ளுனா திண்ணை நிறைஞ்சு, வண்டி வாசல்லயே நிக்கும், ஒவ்வொரு மூட்டையும் நேரா பரண்ல ஏறணும். சாம்சங் 870 க்யூவோ 1 டிபி மாடல்ல திண்ணை நிறைஞ்ச பிறகு செகண்டுக்கு 80 எம்பிதான்னு அந்த கம்பெனியே விவரத்துல குடுத்திருக்கு. அக்கா மாதிரி ஆளுக்கு கியூஎல்சி பிரச்சனையே இல்ல, மச்சானுக்கு அது ஆகாது. அவனுக்கு எடிட்டிங் நடக்குற வேலைக்கு டிஎல்சி எஸ்எஸ்டி ஒண்ணு, முடிஞ்ச கல்யாணங்களை வெச்சுக்க பழையபடி பெரிய ஹார்ட் டிஸ்க் ரெண்டுன்னு மாத்தி குடுத்தேன். ஒரு டிபிக்கு இவ்ளோன்னு கணக்கு போட்டா ஹார்ட் டிஸ்க் இன்னும் எஸ்எஸ்டிய விட மலிவுதான், சும்மா வெச்சிருக்கிற சாமானுக்கு வேகம் எதுக்கு.

எது மாறாதுன்னும் சொல்லிடணும், ஏமாற கூடாது. ப்ராசஸர் அதேதான், அதனால வீடியோ ரெண்டர் ஆகுற நேரம், பெரிய எக்ஸெல் கணக்கு ஓடுற நேரம் அப்படியேதான் இருக்கும். கேம் சீக்கிரம் லோட் ஆகும், உள்ள போனப்புறம் ஓடுற வேகம் கிராஃபிக்ஸ் கார்டு கைல. இன்டர்நெட் ஸ்லோன்னா ஸ்லோதான். ராம் பத்தலைன்னா விண்டோஸ் டிஸ்க்கையே ராம் மாதிரி உபயோகிக்கும், எஸ்எஸ்டி இருந்தா அந்த வேதனை குறையும், ஆனா எஸ்எஸ்டி ராம் ஆகிடாது. அக்கா லேப்டாப்ல எஸ்எஸ்டியோட இன்னொரு 4 ஜிபி ராமும் சேர்த்துத்தான் போட்டேன், ரெண்டையும் சேர்த்து பண்றதுதான் என் சிபாரிசு. சத்தம் போகும், சூடு குறையும், பேட்டரி கொஞ்சம் கூட நிக்கும், பஸ்ல மடில வெச்சு ஆட்டிக்கிட்டே போனாலும் உள்ள ஒண்ணும் உராயாது, இதெல்லாம் கூடவே வர்ற லாபம்.

வாங்குற இடத்துல நிறைய பேர் மாட்டுறது வடிவத்துல. பழைய லேப்டாப்ல இருக்கிறது இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க், அதே அளவுல எஸ்எஸ்டி வருது, பழசை கழட்டிட்டு அதே இடத்துல அதே ஸ்க்ரூவுல மாட்டிடலாம். புது லேப்டாப்ல சூயிங்கம் பட்டை மாதிரி நீளமா இருக்கிறது எம்.2. அதுல 2280-ன்னு போட்டிருந்தா 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்ளோதான் அர்த்தம். எம்.2ங்கிறது வடிவத்தோட பேரு. அந்த வடிவத்துல சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும், பாக்குறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரு தடவை நான் நண்பனோட லேப்டாப்புக்கு எம்.2 ஸ்லாட் இருக்குன்னு பார்த்துட்டு என்விஎம்இ வாங்கிட்டு வந்தேன், உள்ள அழகா உக்காந்துச்சு, பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற லேப்டாப்போட சொந்த செட்டிங்ஸ்) வரவே இல்ல, அந்த ஸ்லாட் சாட்டா மட்டும்தான் எடுக்கும். டப்பா பிரிச்சாச்சுன்னு கடைல திருப்பி எடுக்கல. மாடல் நம்பர போட்டு சர்வீஸ் மேனுவல்ல அந்த ஸ்லாட் எதை எடுக்கும்னு ஒரு தடவை பார்த்துட்டு காசு குடுங்க. சில விலை குறைஞ்ச சின்ன லேப்டாப்ல ஸ்டோரேஜ் போர்டுலயே பத்த வெச்சிருக்கும், அத மாத்தவே முடியாது, அதையும் முன்னாடியே பாருங்க.

பத்து பதினஞ்சு வருஷ பழசுன்னாலும் போடலாம். 2011-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் இன்னும் எத்தனையோ வீட்டுல பரண்ல கிடக்கு, அதுலயும் சுத்துற டிஸ்க்தான். அந்த காலத்து மெஷின்ல சாட்டாவோட பழைய வகையான சாட்டா 2 இருந்தா 300 எம்பிக்கு மேல போகாதேன்னு கவலைப்படாதீங்க, அது அரிசி மூட்டை வேகத்துக்கான அளவு, கடுகு வேகம் பெருசா குறையாது. ஆனா ஒரு விஷயம், விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சு, விண்டோஸ் 11 இன்டெல்ல எட்டாவது தலைமுறைக்கு முந்தின ப்ராசஸரை பொதுவா ஏத்துக்கறதில்ல. எஸ்எஸ்டி போட்டா இது மாறாது. அதனால பழைய மெஷினுக்கு பெரிய தொகை போடாம 250 இல்ல 500 ஜிபி சாட்டா ஒண்ணு போதும், விண்டோஸுக்கு பதிலா இலவசமான லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணு போட்டு ஓட்டலாம், நாளைக்கு லேப்டாப் போனாலும் எஸ்எஸ்டிய கழட்டி யுஎஸ்பி கேஸ்ல போட்டு வெளி டிஸ்க்கா வெச்சுக்கலாம். 500 ஜிபி வாங்கிட்டு 465-தான் காட்டுதுன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க, கம்பெனி ஆயிரத்தால வகுக்குது, விண்டோஸ் 1024-ஆல வகுக்குது. ஆனா ஆன்லைன்ல 16 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய்னு வந்தா அது சுத்த மோசடி, உள்ள ஒரு மெமரி கார்ட ஒட்டி, 16 டிபின்னு பொய் சொல்ற மாதிரி செஞ்சிருப்பாங்க, எழுதுறப்ப எழுதுன மாதிரியே இருக்கும், திறக்குறப்ப ஃபைல் இருக்காது.

இனிதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. ஹார்ட் டிஸ்க் சாகுறதுக்கு முன்னாடி பெரும்பாலும் சொல்லிட்டுதான் சாகும். டிக் டிக்னு சத்தம் வரும், ஒரு ஃபோல்டர் திறக்க ரெண்டு நிமிஷம் ஆகும், பேட் செக்டர், அதாவது படிக்க முடியாம போன இடம், ஏறும், அதுக்குள்ள நாம காப்பி எடுத்துடலாம். எஸ்எஸ்டி நிறைய தடவை அப்படி சொல்றதில்ல. செல்லு தேய்ஞ்சு சாகுறது அபூர்வம், கன்ட்ரோலரோ அதுக்குள்ள ஓடுற ஃபர்ம்வேர்ங்கிற புரோகிராமோ போறதுதான் நடக்குது, நேத்து ராத்திரி ஷட் டவுன் பண்ணது காலைல பயாஸ்லயே இருக்காது. எனக்கு நடந்துச்சு. ரெண்டு வருஷம் கூட ஆகாத எஸ்எஸ்டி. அதுல அப்பாவோட பேசி ரெக்கார்டு பண்ணி வெச்ச ஆடியோ இருந்துச்சு, ஊர் பழைய கதையெல்லாம் சொல்லியிருப்பாரு, இப்ப அவர் இல்ல. வாரன்ட்டில புது எஸ்எஸ்டி குடுத்தாங்க, ஆடியோவ யாரு குடுப்பா. ரெக்கவரி பண்றவர்கிட்ட எடுத்துட்டு போனேன், ஹார்ட் டிஸ்க்னா தட்டுலயாவது இருக்கும், முயற்சி பண்ணலாம், இதுல கன்ட்ரோலர் போயிடுச்சு, உள்ள சிதறி எழுதியிருக்கிறத கோர்க்கிற வரைபடமும் அதோட போயிடுச்சுன்னு கைய விரிச்சுட்டாரு.

பெரிய கம்பெனி சரக்கும் இதுக்கு விலக்கு இல்ல. 2019 நவம்பர்ல ஹெச்பிஇ (சர்வர் விக்கிற ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் கம்பெனி) அதோட சர்வர்ல போட்ட சில எஸ்எஸ்டிங்களுக்கு அவசர அறிவிப்பு விட்டுச்சு, ஃபர்ம்வேர அப்டேட் பண்ணலைன்னா சரியா 32,768 மணி நேரம் ஓடுனதும் செத்துடும், டேட்டாவையும் மீட்க முடியாதுன்னு. 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ரெண்டோட 15-ஆவது அடுக்கு அந்த எண், கம்ப்யூட்டர் எண்ணிக்கை இதுக்கு மேல இடமில்லன்னு முட்டி நிக்கிற எல்லைகள்ல ஒண்ணு, கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு அத பார்த்ததுமே பொறி தட்டும். ஒரே நாள்ல ரெண்டு எஸ்எஸ்டி மாட்டி ஒண்ணுக்கு ஒண்ணு காப்பின்னு வெச்சிருந்தாலும் ரெண்டும் ஒரே நேரத்துல போயிருக்கும். அதனால எஸ்எஸ்டிக்கு காப்பி இன்னொரு அதே எஸ்எஸ்டில வேண்டாம், வேற வகைல வையுங்க.

அழிச்ச ஃபைல் விஷயமும் இதோட சேர்ந்ததுதான். பழைய டிஸ்க்ல தெரியாம அழிச்சுட்டா ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு பாதிக்கு மேல மீட்டிருக்கோம், ஏன்னா அங்க பேர மட்டும்தான் அழிக்கும், சரக்கு அதே இடத்துல இருக்கும். எஸ்எஸ்டில ட்ரிம்னு ஒண்ணு இருக்கு, விண்டோஸ் 7 காலத்துல இருந்தே உண்டு, ஃபைல அழிச்ச உடனே "இந்த சிலேட்டு இனி வேண்டாம், துடைச்சுக்கோ"ன்னு விண்டோஸ் எஸ்எஸ்டிகிட்ட சொல்லிடும். வேகத்துக்கும் ஆயுளுக்கும் அது நல்லது. ஆனா ரீசைக்கிள் பின்ல இருந்தும் அழிச்சுட்டீங்கன்னா, இல்ல ஷிப்ட் டெலிட் அடிச்சுட்டீங்கன்னா, போனது போனதுதான்னு வெச்சுக்கோங்க.

எழுதி எடுத்து பீரோவுக்குள்ள பூட்டி வைக்கவும் எஸ்எஸ்டி சரியான பொருள் கிடையாது. செல்லுக்குள்ள பூட்டி வெச்ச மின்னூட்டம் கரன்ட் இல்லாம கிடந்தா மெதுவா கசியும், சூடு கூடுனா சீக்கிரம் கசியும். எழுதும் அளவ முழுசா உபயோகிச்சு முடிச்ச எஸ்எஸ்டி 30 டிகிரில கரன்ட் இல்லாம ஒரு வருஷம் டேட்டாவ காப்பாத்தணும், அதுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு ஜெடெக்னு மெமரி சிப்புகளுக்கு தரம் வகுக்கிற அமைப்பு வெச்சிருக்கிற அளவுகோல். புதுசு அதைவிட ரொம்ப நாள் தாங்கும், பயப்பட வேண்டாம், ஆனா நம்ம ஊர் மே மாசத்துல மொட்டை மாடி ரூம் பீரோ 30 டிகிரிலயா இருக்கு? கல்யாண ஆல்பத்த அதுல போட்டு பத்து வருஷம் மறந்துடாதீங்க. டெஸ்க்டாப் வெச்சிருக்கிறவங்க யுபிஎஸ் இல்லாம ஓட்டாதீங்க, எழுதிக்கிட்டு இருக்கிறப்ப கரன்ட் போனா அந்த நேரத்து டேட்டாவ தாங்கி பிடிக்கிற கெபாசிட்டர் விலை குறைஞ்ச எஸ்எஸ்டில இருக்காது.

மாத்துற வேலை ஒரு மதியம்தான். யுஎஸ்பி கேஸ் ஒண்ணு வாங்கி அதுல புது எஸ்எஸ்டிய போட்டு, பழைய டிஸ்க்க அப்படியே க்ளோன் பண்ணலாம், அதுக்கு க்ளோன்ஸில்லாங்கிற சாஃப்ட்வேர் இலவசம், சில கம்பெனி எஸ்எஸ்டியோடவே டூல் குடுக்கும். டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸோட பிட்லாக்கர் ஆன்ல இருந்தா முதல்ல ஆஃப் பண்ணுங்க, ரெக்கவரி கீய பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. என்னை கேட்டா அஞ்சாறு வருஷ குப்பை சேர்ந்த விண்டோஸ க்ளோன் பண்றத விட ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்றதுதான் நல்லது. சிதறி கிடக்குற ஃபைல ஒண்ணா அடுக்குற டீஃப்ராக் பண்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, எஸ்எஸ்டில நடை கணக்கே இல்ல, எங்க இருந்தாலும் ஒண்ணுதான், வீணா தேய்மானம்தான் ஆகும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, எவ்ளோ எழுதியிருக்குன்னு காட்டும், புதுசுன்னு வாங்குனத முதல்ல அதுல போட்டு பாருங்க, ஆயிரம் மணி நேரம் ஏற்கனவே ஓடியிருந்தா அது புதுசு கிடையாது.

கடைசியா அந்த பழைய ஹார்ட் டிஸ்க். கடைல "பழசை குடுங்க, கொஞ்சம் குறைச்சுக்கறோம்"ம்பாங்க, குடுக்காதீங்க. உங்க போட்டோ, பேங்க் பேப்பர், எல்லாம் அதுல இருக்கு. ஹெல்த் நல்லா இருந்தா க்ளோன் பண்ண வாங்குன அதே கேஸ்ல அத போட்டு மூடிடுங்க, பேக்கப் டிஸ்க் ரெடி, தனியா காசே இல்ல. அக்கா டிஸ்க்ல 1 டிபி இருக்கு, எஸ்எஸ்டி 500-தான், ரெண்டு முழு காப்பி கூட தாங்கும். கேஸ் மேல ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, காப்பி எடுத்த தேதிய ஸ்கெட்ச் பேனால எழுதச் சொல்லியிருக்கேன், ரெண்டாவது ஞாயித்துக்கிழமை தோறும் அத மாட்டி மார்க் ஷீட்டையும் பசங்க போட்டோவையும் காப்பி பண்ணிட்டு பழைய தேதிய அடிச்சுட்டு புது தேதி எழுதுறாங்க. போன மாசம் போனப்ப பார்த்தேன், ஸ்டிக்கர்ல இடம் தீர்ந்து மேல இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க.